ஒரு போர்வையும் மூன்று நடுவர்களும்



பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் செல்வது எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் வேலை. 2023ஆம் ஆண்டின் இறுதியில், நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கு நானும் வேறு இருவரும் அவ்வாறு சென்றிருந்தோம். அன்று நாங்கள் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தவறு செய்தவர்களுள் ஒருவனே எழுதுவதால் காரம் சற்றுக் குறைவாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரங்கில் வழக்கமான பொருள்கள் எல்லாம் இருந்தன. சமையல் சோடாவும் வினிகரும் கலந்து நுரை கக்கும் எரிமலை, தெர்மகோல் உருண்டைகளால் ஆன சூரியக் குடும்பம், மழைநீர் சேமிக்கும் வீடு, மேசை விசிறியின் முன்னால் சுழலும் காற்றாலை. கடைசி வரிசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு போர்வையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். பழைய பருத்திச் சேலை, வேட்டி, தையற்கடையில் மீந்த வெட்டுத்துணி ஆகியவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, பல அடுக்காக வைத்துத் தைத்த போர்வை. நிறங்கள் கண்ணுக்கு இதமாக இருந்தன.

எங்களுள் மூத்தவர், "இதில் என்னம்மா வேலை செய்கிறது?" என்று கேட்டார்.

"போர்வைங்க சார். கோத்தகிரிப் பக்கம் தேயிலை பேக்டரில எங்க தாத்தா ராக்காவல் பாக்கறாருங்க. அவருக்குக் குடுக்கறதுக்குத் தெச்சனுங்க."

"அது சரி, இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?"

அவள் சற்று நேரம் போர்வையையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நெருக்கித் தெச்சா அட்டையாட்டம் ஆயிருதுங்க சார், குளிர் தாங்கறதில்லீங்க. எட்டத் தெச்சா துவைக்கறப்ப உள்ள இருக்கற துணி ஒரு பக்கமாச் சுருண்டுக்குதுங்க. ரெண்டு தடவை பிரிச்சுத் தெச்சனுங்க."

நாங்கள் தலையை ஆட்டிவிட்டு, 'கைவேலைப் பிரிவுக்கு மாற்றவும்' என்று ஒரு சீட்டில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. வயர் கூடைகளும் பாசிமணிப் பொம்மைகளும் இருந்த கைவேலை அறையில் அதற்குள் பரிசு முடிவாகிவிட்டிருந்தது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு இங்கேயும் பரிசு இல்லை, அங்கேயும் இல்லை. எங்கள் அரங்கில் இரண்டாம் பரிசு எரிமலைக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் பேருந்தின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்ன மூன்று வாக்கியங்களும் மறுபடியும் காதில் விழுந்தன. தையல் நெருக்கமானால் ஒரு கேடு, விலகினால் வேறொரு கேடு. இரண்டுக்கும் நடுவே சரியான ஓரிடம் உண்டு. அதை இரண்டு முறை பிரித்துத் தைத்துக் கண்டுபிடித்திருக்கிறாள். முதுகலை வகுப்பில் நான் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, அதன் உச்சியைச் சுட்டிக்காட்டி, அரைமணி நேரம் விளக்குவது இதைத்தான். அன்று எங்கள் கண்ணெதிரே அரங்கில் நடந்திருந்த ஒரே சோதனை அந்தப் போர்வைதான். எரிமலையில் நுரை வரும் என்பது அதைச் செய்த மாணவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வராமல் போனால்தான் செய்தி.

போர்வை ஏன் கதகதப்பாக இருக்கிறது என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "போர்வை சூடு கொடுக்கிறது" என்பார்கள். கொடுப்பதில்லை. ஐஸ் கட்டியைச் சாக்கிலும் மரத்தூளிலும் பொதிந்து கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு கொடுக்கும் பொருளானால் ஐஸ் முதல் தெருவிலேயே உருகி ஓடியிருக்குமல்லவா? சாக்கும் போர்வையும் செய்வது ஒரே வேலை: வெப்பம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகின்றன. உள்ளே இருப்பது ஐஸ் என்றால் அது குளிர்ச்சியாகவே இருக்கும். தாத்தா என்றால் அவர் கதகதப்பாகவே இருப்பார்.

இந்தத் தாமதத்தைச் செய்வது துணி என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையன்று. பஞ்சிழையைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது காற்றைவிட நன்றாகவே வெப்பத்தைக் கடத்தும். அசையாத காற்றின் வெப்பங்கடத்தும் எண் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 0.026 வாட், கடத்துவதில் இவ்வளவு மந்தமான பொருள் நம் வீட்டில் அரிது. ஆனால் 'அசையாத' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றுக்கு இடம் கொடுத்தால் சூடான பகுதி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், வெப்பச் சலனம் தொடங்கிவிடும். இடைவெளி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினாலே இந்தத் தொல்லை வருகிறது. இழைகளும் அடுக்குகளும் காற்றைச் சின்னஞ்சிறு அறைகளில் பூட்டி வைக்கின்றன. நாம் போர்த்துக்கொள்வது காற்றைத்தான். துணி அதற்குக் காவற்காரன்.

இப்போது அந்தப் பெண்ணின் முதல் வாக்கியத்துக்கு வாருங்கள். ஓட்டுத் தையல் போகும் கோட்டில் அடுக்குகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன; அங்கே காற்று இல்லை. கோடுகள் நெருங்க நெருங்க அழுத்தப்பட்ட இடம் கூடும், போர்வையின் சராசரிக் கனம் குறையும், வெப்பம் தப்பிக்கும் வழிகள் பெருகும். "அட்டையாட்டம்" என்றாளே, அதன் பொருள் இதுதான். இரண்டாவது வாக்கியம் துவைப்பதைப் பற்றியது. ஈரத்தில் துணி கனக்கும், முறுக்கிப் பிழியும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதைத் தடுக்கத் தையல் வேண்டும். இரண்டு தேவைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அவள் கடைசியில் வைத்த இடைவெளி ஏறத்தாழ மூன்று விரற்கடை. அந்தத் துணிக்கும், அத்தனை அடுக்குக்கும் அது சரி. உங்கள் துணிக்கு வேறாக இருக்கலாம்.

இன்னொன்றும் பின்னால் தெரியவந்தது. மறுநாள் அந்தப் பள்ளி ஆசிரியையுடன் தொலைபேசியில் பேசியபோது, துணிகளை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டேன். வீட்டில் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் பளபளப்பான பாலியஸ்டர் சேலைகளும் இருந்தனவாம். அவற்றைத் தொடவே இல்லையாம். "தாத்தா நெருப்புப் பக்கத்தில் உட்காருவார்" என்பது அவள் சொன்ன காரணம். பருத்தியும் தீப்பற்றும், அதில் ஐயமில்லை. ஆனால் பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகி, பாகு போலத் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தி உருகுவதில்லை. அவளுடைய ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இது இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் தாத்தாவை நினைத்துத்தான் முடிவு செய்திருக்கிறாள்.

சரி, குற்ற உணர்ச்சியைத் தீர்க்க ஒரே வழி நானே ஒரு போர்வை தைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெங்களூரில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு அப்போது மூன்று வயது. பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், 'எதற்காவது ஆகும்' என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்த துணிகள் இருந்தன: அம்மாவின் நைந்த சுங்குடிச் சேலைகள், என் பழைய சட்டைகள், பாவாடைத் துணியில் மீந்த ஒரு முழம், கட்பீஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பிறகு மறந்துபோனவை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூட்டை இல்லாமல் இருக்காது.

எனக்கு ஏற்பட்ட தோல்விகளைச் சொல்கிறேன். வெற்றியைவிட அவற்றில் பாடம் அதிகம்.

முதல் தோல்வி கணக்கில். 10 சென்டிமீட்டர் சதுரங்களாக 180 துண்டுகள் வெட்டினேன். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 15. போர்வை 120க்கு 150 வரும் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தைத்து முடித்ததும் அளந்தால் 96க்கு 120! எங்கே போயிற்று மீதித் துணி? ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் தையலுக்காக ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடிகிறது. பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்தில் வெளியே தெரிவது எட்டு சென்டிமீட்டர்தான். பரப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 64. வெட்டிய துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே ஒளிந்துகொண்டது. தையல் தெரிந்த என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள்; சுவையாக இருக்கும். துண்டை 5 சென்டிமீட்டராகச் சிறிதாக்கினால் தெரிவது 3 சென்டிமீட்டர். பரப்பில் 25க்கு 9, அதாவது நூற்றுக்கு 36 மட்டுமே. அதே 96க்கு 120 போர்வைக்கு 1,280 துண்டுகள் வேண்டும், துணி 3.2 சதுர மீட்டர். துண்டை 14 சென்டிமீட்டராகப் பெரிதாக்கினால் 80 துண்டுகள் போதும், துணி 1.57 சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். பொருள் சிறிதாக ஆக, அதன் பரப்பைவிட விளிம்புக்கு ஆட்சி கூடுகிறது. ஆனால் உங்கள் மூட்டையில் இருப்பதெல்லாம் சிறு துண்டுகள் என்றால் என்ன செய்வீர்கள்? அங்கேதான் யோசனை வேண்டும். என் போர்வையில் துண்டுகளை இணைத்த தையல் கோடுகளை மட்டும் கூட்டினால் 26 மீட்டருக்கு மேல் வருகிறது. சென்டிமீட்டருக்கு மூன்று தையல் என்று வைத்தால் ஏறத்தாழ 8,000 முறை ஊசி குத்தியிருக்கிறேன். அவற்றுள் சில என் விரலில்.

இரண்டாவது தோல்வி அழகின் மேல் ஆசைப்பட்டதால் வந்தது. நடுவில் ஒரு நட்சத்திரம் வைக்கலாம் என்று சில சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணங்களாக்கினேன். இணைத்துப் பார்த்தால் நட்சத்திரம் அப்பளம் போல் நெளிந்து நின்றது. ஒரு துணியை எடுத்து நீளவாக்கில் இழுங்கள், அதிகம் நீளாது. அகலவாக்கில் இழுங்கள், சற்று நீளும். மூலைவாட்டாக இழுங்கள், நன்றாகவே நீண்டுகொடுக்கும். பாவும் ஊடையும் செங்குத்தாகப் பின்னியிருப்பதால், மூலைவாட்டாக இழுக்கும்போது இழைகள் நீள வேண்டியதில்லை. சதுரக் கட்டங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகிவிடுகின்றன, அவ்வளவே. தையற்காரர்கள் 'கிராஸ்' என்பது இந்தத் திசையைத்தான். என் முக்கோணங்களின் நீண்ட பக்கம் முழுவதும் கிராஸில் அமைந்துவிட்டது. தைக்கும்போது என்னையறியாமலே அதை இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். திசைக்குத் திசை பண்பு மாறும் படிகங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். என் கையில் இருந்த துணிக்கும் அதே குணம் உண்டு என்பது அந்த நட்சத்திரத்தைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது.

மூன்றாவது, ஒரு புதுச் சிவப்புத் துணி. மற்றவையெல்லாம் நூறு முறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பழந்துணிகள். தறியிலும் ஆலையிலும் இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல், முதன்முறை நீரில் நனையும்போது இறுக்கம் தளர்ந்து சுருங்குகிறது. புதியதைத் துவைக்காமல் பழையவற்றோடு தைத்தேன். முதல் சலவையில் சிவப்புத் துண்டுகள் மட்டும் சுருங்கிச் சுற்றியிருந்த துணிகளைச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டன. போதாதென்று சாயமும் ஓடி, வெள்ளைக் கட்டங்களில் இரண்டு இளஞ்சிவப்பாயின. 1960களில் அமெரிக்காவில் நம் மெட்ராஸ் செக் துணியைச் 'சாயம் ஓடும் மெட்ராஸ்' என்று பெருமையாகவே விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் கலந்து புதுத் தோற்றம் தருமாம். தங்கையிடம் நானும் அப்படித்தான் சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் தைப்பதானால் புதுத் துணியை முதலில் துவைத்துக் காயவையுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயம் ஓடுமா என்பதும் தெரிந்துவிடும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் சோம்பியதால் இரண்டு நாள் போயிற்று. இன்னொரு குறிப்பு: திருப்பூரிலிருந்து வரும் பனியன் துணியை நெய்த துணியோடு கலக்காதீர்கள். அது பின்னியது, எல்லாப் பக்கமும் நீளும்.

இத்தனையும் எனக்கு நேர்ந்தபோது அந்த மாணவியின் போர்வையை நினைத்துக்கொண்டேன். அதில் எல்லாம் சதுரம். எல்லாம் பாவின் வழியே வெட்டியது. எல்லாம் பழந்துணி. அவள் எளிமையாகத் தைத்திருக்கிறாள் என்று அன்று எண்ணினேன். எளிமை என்பது அங்கே அறியாமையன்று.

இத்தகைய அறிவு ஒரு பெண்ணுக்கோ ஓர் ஊருக்கோ உரியதன்று. மராட்டியத்தில் கோதடி என்றும் வட கர்நாடகத்தில் கௌதி என்றும் வங்காளத்தில் காந்தா என்றும் பழந்துணிப் போர்வைகள் தலைமுறை தலைமுறையாகத் தைக்கப்படுகின்றன. காந்தா என்ற சொல்லும் நாம் கிழிந்த துணிக்குச் சொல்லும் 'கந்தை' என்ற சொல்லும் உறவினர்கள். உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழியினர். அவர்கள் தைக்கும் கவண்டி என்ற போர்வை விந்தையானது. துண்டுகளை முதலில் இணைத்துப் பிறகு அடுக்குகளைத் தைக்கும் இரட்டை வேலை அதில் இல்லை. ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்து ஓட்டுத் தையலால் சுற்றிச் சுற்றி மையத்தை நோக்கிச் செல்கிறார்கள். துண்டு இணைவதும் அடுக்கு பிணைவதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் பூ வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை நிறைவடையும். பூவுக்கு இயற்பியல் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, தேடவும் இல்லை.

அறிவியலும் ஊசிநூலும் ஒரே மேசையில் இருந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வாழ்ந்த எல்லன் ஹார்டிங் பேக்கர் என்ற ஆசிரியை சூரியக் குடும்பத்தை ஒரு போர்வையாகவே தைத்தார். நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்களின் பாதைகள், துணைக்கோள்கள், ஒரு மூலையில் வால்மீன். 1876 என்ற ஆண்டு அதிலேயே தைக்கப்பட்டிருக்கிறது. வானியல் சொற்பொழிவுகளுக்கு அதைத்தான் படமாக விரித்து வைத்தார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் காலத்தில், 1997இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற கணித அறிஞர், மாணவர்களுக்குக் கற்பனை செய்யவே கடினமான அதிபரவளையத் தளம் என்னும் வளைபரப்பைக் குரோஷா ஊசியால் பின்னிக் கையில் கொடுத்தார். காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கிழிந்துகொண்டிருந்த இடத்தில் நூல் நின்றது. இவ்விருவரும் எங்கள் கண்காட்சிக்கு வந்திருந்தால் எந்த அறைக்கு அனுப்பியிருப்போம் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

என் கருத்துக்கு மறுப்பும் உண்டு. உடன் வந்த நடுவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்படியானால் இட்லி சுடுவதும் அறிவியல், கோலம் போடுவதும் அறிவியல், எல்லாவற்றுக்கும் பரிசு கொடுத்துவிடலாமா?" நியாயமான கேள்வி. போர்வையைக் காட்டி 'வெப்பக் கடத்தல்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டால் அது அறிவியலாகிவிடாது. பழக்கத்தினால் செய்வது வேறு, ஏன் என்று கேட்டு மாற்றிச் செய்து பார்ப்பது வேறு. என் பாட்டியும் பழைய சேலைகளை மடித்துத் தைத்தார். நான் கேட்டால், "அப்படித்தான் தைக்கணும்" என்பார். அதில் எத்தனையோ பேருடைய சோதனைகள் உறைந்திருக்கின்றன. ஆனால் பாட்டி அன்று சோதனை செய்யவில்லை. இந்தப் பெண் செய்தாள். ஒன்றை மாற்றினாள், விளைவைப் பார்த்தாள், பிரித்தாள், மறுபடியும் மாற்றினாள். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "இதில் என்ன வேலை செய்கிறது?" என்பதன்று, "எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்?" என்பது. அதே கேள்வியை எரிமலைக்காரத் தம்பியிடம் கேட்டிருந்தால் அவனும் பாவம் விழித்திருப்பான். அவன்மேல் குறையில்லை. கடையில் வாங்கிய விளக்கப் புத்தகத்தில் உள்ளபடி செய்தால் பரிசு கிடைக்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்.

இதில் இன்னொரு வேண்டாத பழக்கமும் ஒளிந்திருக்கிறது. ஊசியும் நூலும் பெண் பிள்ளைகளுடையவை, மின்கம்பியும் மோட்டாரும் ஆண் பிள்ளைகளுடையவை என்று யாரும் எழுதி வைக்காமலே நாம் பிரித்துவிட்டோம். பிறகு மோட்டார் இருக்கும் மேசைக்கு அறிவியல் என்று பெயரும் வைத்துவிட்டோம். இதைப் படிக்கும் மாணவர்களே, முக்கியமாகப் பையன்களே, ஒரு கிழிந்த தலையணை உறையையாவது எடுத்துத் தைத்துப் பாருங்கள். நாற்பது வயதுக்கு மேல் தொடங்கினால் விரல் சொன்னபடி கேட்பதில்லை. சொந்த அனுபவம்.

போர்வை தைக்கப் போகிறவர்கள் கண்காட்சிக்கும் அதைக் கொண்டுபோங்கள். கூடவே ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்கள், மூடிகள், வெப்பமானி. மூன்றிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். வெந்நீரைப் பெரியவர் ஒருவர் ஊற்றட்டும். ஒரே துணியில் ஒரே எண்ணிக்கை அடுக்குகளாக மூன்று சிறு மாதிரிகள் முன்பே தைத்து வைத்திருக்க வேண்டும்: ஒன்றில் கோடுகள் மிக நெருக்கமாக, ஒன்றில் மூன்று விரற்கடை விட்டு, இன்னொன்றும் அதேபோல மூன்று விரற்கடை விட்டு, ஆனால் நனைத்துப் பிழிந்தது. டம்ளருக்கு ஒன்றாகச் சுற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போடுங்கள். என்ன வரும் என்று நான் எண்களில் சொல்லப்போவதில்லை. நனைந்ததைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு: நீர், காற்றைப்போல இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும், ஆவியாகும்போது தனியாக வெப்பத்தை எடுத்துக்கொண்டும் போகும். கோத்தகிரிப் பனிமூட்டத்தில் போர்வையை இரவில் வெளியே காயப்போடக் கூடாது என்று அந்தத் தாத்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

பரிசாகத் தைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும்போது அதன்மேல் தளர்வான போர்வை எதையும் போர்த்தக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் கூறுகிறார்கள்; முகத்தை மூடிவிடும் அபாயம் உண்டு. கைக்குழந்தைக்கென்று தைத்தால், அது விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் கிடத்தி விளையாட விடலாம்.

என் போர்வை பெங்களூர் போய்ச் சேர்ந்தது. சொன்னதைவிடச் சிறிதாக, இரண்டு இளஞ்சிவப்புக் கட்டங்களோடு, நட்சத்திரம் இல்லாமல். அதில் ஒரு கட்டம் பாட்டியின் சேலை என்று தங்கை காட்டிக்கொடுத்ததிலிருந்து, குழந்தை அந்தக் கட்டம் முகத்தருகே வரும்படி திருப்பித்தான் போர்த்துக்கொள்கிறதாம்.

அந்த மலையடிவாரப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் தீர்ப்பு தவறு என்றும், கைவேலையையும் அறிவியலையும் ஒரே அரங்கில் வைத்துப் பார்க்கலாம் என்றும், குறைந்தது மாணவர்கள் விரும்பும் பிரிவை அவர்களே தேர்ந்தெடுக்க விடலாம் என்றும் கேட்டிருந்தேன். தலைமை ஆசிரியர் அன்போடு பதில் எழுதினார். விண்ணப்பப் படிவம் முன்பே அச்சாகிவிட்டதாம். அதில் பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றனவாம். அடுத்த முறை அச்சிடும்போது யோசிக்கலாம் என்றிருந்தார். கடிதத்தின் அடியில் ஆசிரியை ஒரு வரி சேர்த்திருந்தார். போர்வை பொங்கலுக்கு முன்பே தாத்தாவிடம் போய்விட்டதாம். இப்போது அந்தப் பெண் பாட்டிக்காக இன்னொன்று தைக்கிறாளாம். இந்த முறை இரண்டு விரற்கடை விட்டு.

ஏன் மூன்றிலிருந்து இரண்டாக்கினாள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.